சுறாவின் ஆன்டிபாடி எங்கிருந்து வந்தது?

கேள்வி இது: "சுறாவுக்குப் புற்றுநோய் உட்பட எந்த நோயும் வராது என்கிறார்களே, உண்மையா? டைனோசர்களுக்கு முன்பிருந்தே மாறாமல் இருக்கும் அதன் எதிர்ப்பு சக்தி எப்படி உருவானது? நம்முடையதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது? சுறா சாப்பிட்டால் அதில் கொஞ்சமாவது நமக்கு வருமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வராது. எதிர்ப்பு சக்தியின் முக்கிய ஆயுதமான ஆன்டிபாடி, கிருமியைப் பற்றிப் பிடிக்கும் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் முட்டை, பருப்பில் உள்ள புரதம் போலவே அதுவும் துண்டுதுண்டாகச் செரித்துப் போகும். பிள்ளை பெற்றவர்களுக்கு நம் பக்கம் சுறாப்புட்டு செய்து கொடுப்பது நல்ல புரதச் சாப்பாடுதான், ஆனால் அதற்கு மேல் ஒரு மகிமையை அதன் தலையில் ஏற்ற வேண்டாம். வயதும் பருமனும் கூடக்கூடச் சுறாவின் தசையில் பாதரசம் சேர்கிறது. அதனாலேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவை வைத்திருக்கிறது.

புற்றுநோய் கதைக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த சாறு புதிய ரத்தநாளங்கள் முளைப்பதைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். கட்டி வளர ரத்தநாளம் வேண்டும் என்பதால் அது சுவாரஸ்யமான முடிவுதான். அதிலிருந்து "சுறாவுக்குப் புற்றுநோயே வராது" என்று ஒரே தாவாகத் தாவி, குருத்தெலும்பை அரைத்து கேப்சூலில் அடைத்து விற்றவர்கள் வியாபாரிகள். சுறாவுக்குப் புற்றுநோய் வரும். சுறா, திருக்கை வகையறாக்களில் பதிவான 42 கட்டிகளை 2004இல் வெளியான ஓர் ஆய்வு தொகுத்துக் காட்டியது. 2013இல் ஆஸ்திரேலியக் கடலில் ஒரு பெரிய வெள்ளைச் சுறாவின் தாடையில் கட்டி இருந்ததும் பதிவாகியிருக்கிறது. குருத்தெலும்புச் சாற்றை நுரையீரல் புற்றுநோயாளிகள் 379 பேரிடம் முறையாகச் சோதித்த ஆய்வு 2010இல் வெளியானது. சாறு சாப்பிட்டவர்கள் சாப்பிடாதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை.

இனி உண்மையிலேயே ஆச்சரியமான விஷயத்துக்கு வருவோம்.

"மாறாமல் இருக்கும்" என்று கேள்வியில் இருப்பதை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். சுறா நம் மூதாதை இல்லை. சுறா, திருக்கை, கைமீரா ஆகிய குருத்தெலும்பு மீன்களின் வழியும், எலும்புள்ள மீன்களிலிருந்து நாம்வரை வந்த வழியும் ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தன. அன்றிலிருந்து இரண்டு பக்கமும் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆகவே சுறாவிடமும் நம்மிடமும் ஒரே மாதிரி இருப்பது, பிரிவதற்கு முன்பே இருந்தது என்று கொள்ளலாம். சுறாவிடம் மட்டும் இருப்பதைப் பார்த்து உடனே "இதுதான் ஆதி வடிவம்" என்று சொல்லிவிட முடியாது. பிரிந்த பிறகு அது தனக்கென்று உருவாக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். இந்தத் துறையில் நடந்த பல சண்டைகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதால் வந்தவை.

இரண்டு பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் எல்லாமே. ஆன்டிபாடி உண்டு. டி செல் என்ற வெள்ளை அணு கிருமியை அடையாளம் காணப் பயன்படுத்தும் ஏற்பிகள் உண்டு. அந்த ஏற்பிகளுக்குக் கிருமியின் துண்டுகளை ஏந்திக்காட்டும் எம்.எச்.சி. புரதங்கள் உண்டு. டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி, மண்ணீரல் இரண்டும் உண்டு. சுறாவுக்கு ஒரு படி கீழே, தாடையில்லாத லாம்ப்ரே, ஹாக்ஃபிஷ் ஆகியவற்றிடம் போனால் ஆன்டிபாடி, டி செல் ஏற்பி, எம்.எச்.சி. மூன்றும் இல்லை. இடைப்பட்ட சில கோடி ஆண்டுகளில் முழுக் கட்டமைப்பும் எழுந்து நின்றுவிட்டது. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில், நம்முடையது போன்ற ஆன்டிபாடியை வைத்திருப்பவற்றில் நம்மிடமிருந்து மிகத் தொலைவில் நிற்பது சுறா வகைதான். அதனால்தான் இத்தனை பேர் அதன் பின்னால் ஓடுகிறார்கள்.

இவ்வளவு குறுகிய காலத்தில் எப்படி முடிந்தது? இரண்டு சம்பவங்கள். ஒன்று, முதுகெலும்பிகளின் தொடக்கத்தில் மொத்த மரபணுத் தொகுதியும் இரட்டித்தது. கூடுதல் பிரதிகள் கிடைத்ததால் பழைய வேலையைக் கெடுக்காமல் புது வேலை பழக இடம் கிடைத்தது. இரண்டாவதுதான் இன்னும் விசித்திரம். ஆன்டிபாடி செய்யும் வெள்ளை அணுவான நம் பி செல் ஒவ்வொன்றும் ஆன்டிபாடி மரபணுவை வெட்டி, வி, டி, ஜே என்ற துண்டுகளில் ஒவ்வொன்றைப் பொறுக்கி ஒட்டித் தனக்கென்று ஒரு வடிவத்தை உருவாக்குகிறது. வெட்டுவது ராக்1, ராக்2 என்ற இரட்டைப் புரதம். இந்த வெட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் டி.என்.ஏ.வில் இங்கிருந்து அங்கு தாவித் திரிந்த ஒட்டுண்ணி மரபணுக்கள், டிரான்ஸ்போசான்கள். ஏற்பி மரபணு ஒன்றின் நடுவில் போய் விழுந்து அதை இரண்டாகப் பிளந்தன. அந்தப் பிளவை ஒவ்வொரு செல்லிலும் புதிது புதிதாக ஒட்டவேண்டி வந்ததே நமக்கு லாபமாகிவிட்டது. 1970களின் கடைசியிலேயே இப்படி ஊகித்தார்கள். 1998இல் ராக் புரதங்கள் சோதனைக்குழாயில் டிரான்ஸ்போசான் போலவே டி.என்.ஏ.வைத் தாவவைக்கும் என்று இரண்டு ஆய்வகங்கள் காட்டின. 2016இல் சீன ஆய்வாளர்கள், மணலில் புதைந்து வாழும் சின்னக் கடல்பிராணியான ஆம்பியாக்சஸில், இன்னும் தாவும் திறனோடு இருக்கும் ராக் குடும்பத்து டிரான்ஸ்போசானையே கண்டுபிடித்தார்கள். பரிணாமத்தில் இவ்வளவு கையும் களவுமாகச் சிக்கும் சாட்சி அபூர்வம்.

தாடையில்லாத மீன்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை நிராயுதபாணிகள் இல்லை. 2004இல் அமெரிக்க ஆய்வாளர் மேக்ஸ் கூப்பரின் குழு லாம்ப்ரேயில் முற்றிலும் வேறொரு புரதத்தால் ஆன ஏற்பிகளைக் கண்டது. அவையும் துண்டுகளைக் கோத்துப் பல்வகை வடிவம் எடுக்கின்றன, ஆனால் ராக் இல்லாமல். ஒரே தேவைக்கு இரண்டு தனித்தனி விடைகள்.

இப்போது சுறாவின் ஆன்டிபாடிக்கு. 1965இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் ஜான் மார்ச்சலோனிஸும் ஜெரால்ட் எடல்மனும் ஒரு சிறு சுறாவின் ஆன்டிபாடியைப் பிரித்து, நம்முடையது போலவே கனச்சங்கிலியும் இலேசான சங்கிலியும் அதில் இருப்பதைக் காட்டினார்கள். அது ஐஜிஎம் வகை. நம் உடம்பில் எந்தத் தொற்றுக்கும் முதலில் வரும் ஆன்டிபாடியும் அதுதான். சுறாவில் அது ஐந்தைந்தாகச் சேர்ந்த பெரிய வடிவிலும், ஒற்றையாகச் சின்ன வடிவிலும் ரத்தத்தில் ஓடுகிறது. ஐஜிடபிள்யூ என்று இன்னொன்றும் உண்டு. அது நம்மிடமுள்ள ஐஜிடி என்ற ஆன்டிபாடி வகையின் உறவு.

மரபணுவைத் திறந்து பார்த்தபோதுதான் அதிர்ச்சி. மனிதனின் கனச்சங்கிலிக்கு 14ஆம் குரோமோசோமில் ஒரே ஒரு நீண்ட இடம். அங்கே வி துண்டுகள் எல்லாம் ஒரு வரிசை, டி ஒரு வரிசை, ஜே ஒரு வரிசை. எந்த வியும் எந்த டியோடும் சேரலாம். 1986இல் ஹிண்ட்ஸ், லிட்மன் என்ற ஆய்வாளர்கள் கொம்புச் சுறாவில் பார்த்தது வேறு: ஒரு வி, இரண்டு டி, ஒரு ஜே, பக்கத்திலேயே ஆன்டிபாடியின் மாறாத பாகத்துக்கான சி பகுதி, இப்படிச் சின்னச் சின்னக் கொத்துகள் ஏராளம். நம்முடையது ஊருக்கு ஒரே பெரிய மளிகைக்கடை என்றால், சுறாவுடையது தெருவுக்கொரு பெட்டிக்கடை. ஒரு கடைச் சரக்கு இன்னொரு கடைச் சரக்கோடு சாதாரணமாகக் கலப்பதில்லை. நர்ஸ் சுறாவில் ஐஜிஎம்முக்கு இப்படிப் பதினைந்து கொத்து அளவில் இருக்கிறது, கொம்புச் சுறாவில் நூற்றுக்கு மேல்.

இதைப் பார்த்ததும் பலர் போட்ட கணக்கு: கலந்து சேர்க்க வழியில்லையென்றால் வகைகள் குறைவு, ஆகவே சுறாவின் ஆன்டிபாடி பலம் குறைந்தது. கணக்கு தப்பு. ஒவ்வொரு கொத்திலும் இரண்டு டி துண்டுகள் இருப்பதால் ஒட்டும் இடங்கள் அதிகம். ஒட்டும் இடத்தில்தான் டி.என்.ஏ. எழுத்துகள் உதிர்வதும் புதிதாய்ச் சேர்வதும் நடக்கும், வகைகள் பெருகுவதும் அங்கேதான். போதாததற்கு, ஒட்டிய பிறகு மியூட்டேஷன்களும், அதாவது எழுத்து மாற்றங்களும், ஏராளமாக விழுகின்றன.

கொத்துகளில் ஒரு தனி ரகத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. சில கொத்துகளில் வி, டி, ஜே துண்டுகள் ஏற்கெனவே ஒட்டப்பட்ட நிலையிலேயே தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன. நர்ஸ் சுறாவில் அப்படிப்பட்ட ஓர் ஐஜிஎம், குட்டிப் பருவத்தில்தான் மிகுதியாக உற்பத்தியாகிறது. பிறந்த குட்டிக்கு வெட்டி ஒட்டிப் பழகும்வரை பொறுக்க நேரமில்லை, கையில் தயாராக ஒன்று வேண்டும் போலிருக்கிறது. போதாக்குறைக்கு அம்மாவின் ஆன்டிபாடியும் முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குட்டிக்குப் போய்ச் சேருகிறது.

1995இல் மயாமியில் மார்ட்டின் ஃப்ளாஜ்னிக்கின் குழு நர்ஸ் சுறாவில் கண்டுபிடித்ததுதான் இன்று மருந்து நிறுவனங்கள் வரை பேசப்படும் ஐஜி-நார். சாதாரண ஆன்டிபாடியில் கிருமியைப் பிடிக்கும் முனை ஒவ்வொன்றிலும் ஆறு வளையங்கள் உண்டு, கனச்சங்கிலியில் மூன்று, இலேசான சங்கிலியில் மூன்று. ஐஜி-நாருக்கு இலேசான சங்கிலியே கிடையாது. பிடிப்பது முழுக்க முழுக்க ஒரே ஒரு சின்னக் கட்டம், வி-நார். எடை, புரதங்களை நிறுக்கும் கிலோடால்டன் அளவில், சுமார் 12. நம் ரத்தத்தில் அதிகமாக ஓடும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி முழுசாக 150. இருக்கும் மூன்று வளையங்களிலும் நடுவில் உள்ள இரண்டாவது ஏறக்குறைய காணாமல் போயிருக்கிறது. அதற்கு ஈடாக மூன்றாவது வளையம் நீளமாக வளர்ந்து, கந்தகப் பிணைப்புகளால் இறுகி, விரல் நீட்டியது போல வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த வளையத்தை உருவாக்க மூன்று டி துண்டுகள், அதாவது நான்கு ஒட்டுகள்.

இதனால் என்ன பயன் என்பதை 2004இல் வெளியான படிக அமைப்பு ஒன்று கண்முன் நிறுத்தியது. கோழிமுட்டை லைசோசைம் என்ற என்சைமுக்கு எதிராக உண்டான வி-நாரை, பிடித்த நிலையிலேயே உறையவைத்துப் பார்த்தார்கள். லைசோசைமில் ஒரு பள்ளம் உண்டு, அது வேலை செய்யும் இடமே அதுதான். வி-நாரின் மூன்றாவது வளையம் நேராக அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. இரண்டு சங்கிலி உள்ள வழக்கமான ஆன்டிபாடிக்குப் பிடிக்கும் முகம் பெரும்பாலும் தட்டையாக இருப்பதால் பள்ளத்துக்குள் நுழைவது கஷ்டம். என்சைம்களும் வைரஸ்களும் தங்கள் முக்கியமான இடங்களை ஒளித்துவைப்பதோ இப்படிப்பட்ட இடுக்குகளில்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. சுறாவுக்கு இரண்டு வருடம் முன்பு, 1993இல், பிரஸ்ஸல்ஸில் ரேமண்ட் ஹேமர்ஸின் குழு ஒட்டகத்தின் ரத்தத்திலும் இலேசான சங்கிலி இல்லாத ஆன்டிபாடியைக் கண்டிருந்தது. ஒட்டகத்துக்கும் சுறாவுக்கும் நடுவில் உள்ள எந்தக் கிளையிலும் அது வழிவழியாக வரவில்லை. இரண்டும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே ஐஜி-நார்தான் ஆன்டிபாடியின் ஆதி வடிவம் என்று யாராவது எழுதியிருந்தால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வி-நார் கட்டத்தின் அமைப்பு டி செல் ஏற்பிகளின் சாயலைக் காட்டுவது உண்மை. நர்ஸ் சுறாவின் ஒரு டி செல் ஏற்பியின் நுனியில் வி-நார் போன்ற கட்டம் ஒன்று கூடுதலாக உட்கார்ந்திருப்பது 2006இல் தெரியவந்தது. யார் யாரிடமிருந்து கடன் வாங்கினார்கள் என்பதில் விவாதம் ஓயவில்லை.

சுறாவைப் பற்றி "இல்லை, இல்லை" என்று எழுதப்பட்டவற்றின் கதிதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பல ஆண்டுகள் பாடப்புத்தக நிலவரம் இதுதான்: சுறாவின் ஆன்டிபாடி முதல் ஊசிக்கும் பத்தாவது ஊசிக்கும் ஒரே தரத்தில் இருக்கும், ஞாபகம் கிடையாது, தடுப்பூசித் தத்துவமே அதற்குப் பொருந்தாது. பார்த்தவர்கள் பெரும்பாலும் ஐந்தைந்தாகச் சேர்ந்த ஐஜிஎம்மைத்தான் பார்த்தார்கள், பார்த்தது சில வாரங்கள். ஹெலன் டூலியும் ஃப்ளாஜ்னிக்கும் நர்ஸ் சுறாவுக்கு லைசோசைமை ஊசி போட்டு, வாலடி ரத்தநாளத்திலிருந்து ரத்தம் எடுத்து எடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். முதலில் பெரிய ஐஜிஎம் எழும்பியது, அதன் பிடிப்பு சுமார்தான். பல மாதம் கழித்து ஒற்றை ஐஜிஎம்மும் ஐஜி-நாரும் மெள்ள ஏறின, பிடிப்பு கூடிக்கொண்டே போனது. ஊசியை நிறுத்தி அளவு தணிய விட்டார்கள். பிறகு மறுபடி அதே லைசோசைமைக் கொடுத்தபோது, இந்த இரண்டும் காத்திருக்கவில்லை, சட்டென்று ஏறின. 2005இல் அந்த முடிவு வெளியானதோடு ஞாபகம் இல்லை என்ற பேச்சு அடங்கியது. எலிக்கு இரண்டு வாரத்தில் நடப்பதைக் குளிர் ரத்தப் பிராணியிடம் இரண்டு வாரத்தில் தேடியதே பிழை.

அடுத்த "இல்லை" எலும்பு மஜ்ஜை. எலும்பே இல்லாதபோது மஜ்ஜை ஏது? வெள்ளை அணுக்களை உருவாக்கும் அந்த வேலையை இரண்டு உறுப்புகள் செய்கின்றன. லேடிக் உறுப்பு உணவுக்குழாயின் உட்புறத் தோலுக்கு அடியில் மேலும் கீழுமாக வெளிறிய பட்டைகளாகப் படிந்திருக்கும். எபிகோனல் உறுப்பு இனப்பெருக்கச் சுரப்பியை ஒட்டித் தொங்கும். வேறு எந்த விலங்கிடமும் இவை கிடையாது. எல்லாச் சுறாவிலும் இரண்டும் இருப்பதில்லை. நர்ஸ் சுறாவுக்கு எபிகோனல் மட்டும்தான்.

அதற்கடுத்தது நம் நிணநீர்க் கணுக்களில் நடக்கும் தேர்வுமுறை. நல்ல பிடிப்புள்ள பி செல்லை மட்டும் பொறுக்கி வளர்க்கும் அந்த இடங்களைப் பாலூட்டிகளிலும் பறவைகளிலும்தான் காண முடியும் என்றார்கள். நிணநீர்க் கணு சுறாவுக்கு இல்லைதான். ஆனால் 2023இல் வெளியான ஆய்வில், நர்ஸ் சுறாவின் மண்ணீரலில் பி செல் கூட்டங்கள் ஒழுங்காக அமைந்து, ஊசி போட்ட பிறகு அங்கே மியூட்டேஷனும் தேர்வும் நடப்பது தெரிந்தது. இதற்கிடையில் 2014இல் சிங்கப்பூரில் பைரப்பா வெங்கடேஷின் தலைமையில் யானைச் சுறாவின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. பெயர்தான் சுறா, ஆள் கைமீரா வகை. பி செல்லுக்குத் துணைநிற்கும் உதவி டி செல்லின் அடையாளமான சிடி4 மரபணு அதில் காணவில்லை என்பதால், இந்த வகையறாவுக்கு உதவி டி செல் முழுசாக இல்லை என்று கட்டுரை சொன்னது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. ஒரு மரபணு காணவில்லை என்பதும் ஒரு வேலை நடக்கவில்லை என்பதும் ஒன்றில்லை. நல்ல பிடிப்புள்ள பி செல் தேர்வாகிறது என்றால் யாரோ உதவத்தான் வேண்டும். இந்த விஷயத்தில் நான் எதிர்ப்பாளர்கள் பக்கம்.

நம்மிடம் இல்லாத ஒன்றைச் சுறா வைத்திருப்பதும் உண்டு. நம் உடம்பில் மியூட்டேஷன் போட்டு மெருகேற்றுவது பி செல்லின் ஆன்டிபாடிக்கு மட்டும். டி செல் ஏற்பியில் கைவைத்தால் அது நம்மையே தாக்கும் ஆபத்து என்பதால் தடை. நர்ஸ் சுறாவோ தைமஸுக்குள்ளேயே டி செல் ஏற்பியின் ஒரு பாகமான ஆல்ஃபா சங்கிலிக்கும் மியூட்டேஷன் போடுகிறது. 2018இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழு இதைக் காட்டியது. தேறாத ஏற்பியைக் கழித்துக்கட்டுவதற்குப் பதில் திருத்திப் பார்க்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

மருந்து விஷயத்துக்கு வந்தால், சுறாவின் ரத்தத்தில் யூரியா மிக அதிகம். கடல்நீரின் உப்புக்கு ஈடுகட்ட அதை உடம்பிலேயே தேக்கி வைத்திருக்கிறது. யூரியா சாதாரணப் புரதங்களை அவிழ்த்துவிடும். அந்தச் சூழலில் ஓடியே பழகிய ஐஜி-நார் கெட்டியானது, சூட்டையும் தாங்கும். 2014இல் ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து அந்தக் கெட்டித்தன்மைக்குக் காரணமான சில அமைப்புகளை அடையாளம் கண்டு, மனித ஆன்டிபாடியில் பொருத்திப் பார்த்தார்கள். மனித ஆன்டிபாடியின் உறுதி கூடியது, செல்லிலிருந்து வெளிவரும் அளவும் கூடியது.

ஒட்டகக் குடும்பத்து லாமாவிலிருந்து வந்த கேப்ளசிஸுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து 2018இல் ஐரோப்பாவிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் அனுமதி பெற்றுவிட்டது. சுறா வழி வந்தவை அவ்வளவு தூரம் போகவில்லை. கொரோனா காலத்தில் விஸ்கான்சினில் ஆரோன் லெபோவின் குழு சோதித்த வி-நார்களில் ஒன்று, மனிதரைத் தாக்கிய வைரஸோடு வௌவாலிடம் உள்ள அதன் உறவுக்கார வைரஸையும் ஆய்வகத்தில் முடக்கியது. ஆஸ்திரேலியாவின் அட்ஆல்டா நிறுவனம் வேறு வழி எடுத்தது: வி-நாரின் வடிவத்தை மட்டும் இரவல் வாங்கி, மனிதப் புரதம் ஒன்றில் அந்த நீண்ட வளையங்களை அமைத்து, நுரையீரல் தழும்பு நோய்க்கான மருந்தாக மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை வரை கொண்டுபோனது. இந்த வேலைகள் எதற்கும் சுறாவைக் கொல்லத் தேவையில்லை. மயக்கம் கொடுத்துச் சில மில்லி ரத்தம் எடுத்துவிட்டுத் தொட்டியில் விட்டுவிடுவார்கள். அந்த மரபணுக்களை ஒருமுறை படியெடுத்து, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களில் ஏற்றிவிட்டால், கோடிக்கணக்கான வி-நார்களிலிருந்து வேண்டியதைப் பொறுக்குவது முழுக்கச் சோதனைக்குழாயில் நடக்கிற வேலை.